யாரிடம் உண்மை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. என் கணவருக்கு 74 வயது. 22 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அல்சைமர் என்னும் மறதிநோயும் இருப்பதாகச் சொன்னார்கள். தனக்கு ஒன்றும் இல்லை என்றே அவர் சாதிக்கிறார். கணக்காளராக இருந்தவர் என்பதால் ஊசியின் அளவை ஒரு நோட்டில் எழுதிவைப்பது அவர் வழக்கம். சென்ற மாதம் அதைப் புரட்டியபோது, ஒரே நாளில் ‘காலை 7 மணி, 12 யூனிட்’ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று முறை எழுதியிருந்தார். கையெழுத்து எப்போதும்போல் முத்து முத்தாக இருந்தது. மூன்று முறை எழுதினாரா, மூன்று முறை போட்டுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து இன்சுலின் பேனாவை ஒளித்துவைத்து நானே போட்டுவிடுகிறேன். ஏன் என்று கேட்டால், “டாக்டர் இனி என்னையே போடச் சொல்லிவிட்டார்” என்கிறேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவரிடம் நான் எதையும் சொல்லவுமில்லை. இவரை எதிரில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? 46 ஆண்டுகளில் இவரிடம் பொய் பேசியதில்லை. இப்போது நாளுக்குப் பத்துப் பொய். ஒருநாள் பொறுமையிழந்து கத்திவிட்டேன். கத்தியதை மறந்துவிட்டார், ஆனால் மாலை முழுவதும் முகம் வாடியே இருந்தது. அவர் இருக்கும்போதே அவரை இழந்துவிட்டவள்போல் அழுகிறேன். இதெல்லாம் தவறா?

ம.

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்டிருப்பது சரியா தவறா என்ற கேள்வி. ஆனால், நீங்கள் போகிறபோக்கில் எழுதிச் சென்ற ஒரு வரிதான் எனக்கு அதைவிடக் கவலை தருகிறது: டாக்டரிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை என்கிறீர்கள்.

நான் மருத்துவன் அல்ல. என் தந்தையின் கடைசி ஆண்டுகளில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். “மருந்தெல்லாம் ஒழுங்காக எடுக்கிறீர்களா?” என்று மருத்துவர் கேட்பார். “ஒரு வேளைகூடத் தவறியதில்லை” என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வார். அருகில் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாதி நாட்கள் மருந்து தவறியதால்தான் சர்க்கரை ஏறியிருந்தது என்பது தெரியாத மருத்துவர், கையிலிருந்த எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டினார். அதன்பின் அம்மா பொறுப்பெடுத்து, கூட்டிய அளவை நாள் தவறாமல் கொடுக்கத் தொடங்க, ஒரு வாரத்துக்குள் ஒரு விடியற்காலையில் அப்பா சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்து, அம்மாவின் பெயரே நினைவில்லாமல் விழித்துக்கொண்டிருந்தார். மறதிநோய் முற்றிவிட்டது என்று நாங்கள் அழுதோம். அளந்து பார்த்தபோது சர்க்கரை 48 இருந்தது. மருத்துவரின் கணக்கில் பிழையில்லை. நாங்கள் அவருக்குக் கொடுத்த விவரத்தில்தான் பிழை.

ஒன்றின் முகமூடியை இன்னொன்று அணிந்துகொள்வதுதான் இவ்விரு நோய்களும் சேர்ந்து வருவதிலுள்ள ஆபத்து. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்நிலை. 54-க்குக் கீழே போனால் மூளையே சரியாக இயங்காது. அப்போது வரும் குழப்பம், எரிச்சல், குளறும் பேச்சு எல்லாம் மறதிநோயைப் போலவே இருக்கும். படபடப்பாக இருக்கிறது என்று எடுத்துச் சொல்லும் திறனும் உங்கள் கணவரிடம் குறைந்திருக்கும். ஆகவே அவர் வழக்கத்தைவிடக் குழம்பினால், மனம் கலங்குவதற்கு முன் விரலில் குத்திப் பாருங்கள். குறைந்திருந்து, அவரால் விழுங்கவும் முடிந்தால், 15 கிராம் அளவு குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். சர்க்கரை சரியாக இருந்தும் ஓரிரு நாட்களில் திடீரென்று நிலை மோசமானால், சிறுநீர்த் தொற்று போன்ற வேறு காரணம் இருக்கலாம். அல்சைமர் பொதுவாக அப்படி ஒரே நாளில் பாய்வதில்லை.

நினைவுத்திறன் குறைந்த முதியவர்களுக்குச் சர்க்கரையை இறுக்கிப் பிடிக்க வேண்டாம் என்பதே இன்று மருத்துவர்கள் பின்பற்றும் நெறி. மற்றவர்களுக்கு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றால், இவர்களுக்கு 8 வரை விட்டுக்கொடுப்பார்கள். சற்றுக் கூடுதலாக இருப்பதைவிடத் திடீரென்று தாழ்வது இந்த வயதில் கொடியது. உங்கள் கணவருக்கு எது பொருந்தும், ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்பதையெல்லாம் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நடப்பது தெரிந்தால்தான் அவரால் சொல்ல முடியும். கணவர் எதிரில் பேசத் தயக்கம் என்றால் நடந்ததை ஒரு தாளில் எழுதி, உள்ளே போகுமுன் செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள். அதன்பின், “டாக்டர் என்னைப் போடச் சொன்னார்” என்பது அநேகமாகப் பொய்யாகவே இருக்காது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தனக்கு ஒன்றும் இல்லை என்று அவர் சாதிப்பது பிடிவாதம் அல்ல. தன்னிடம் ஒரு குறை இருப்பதை அறியும் திறனையே இந்நோய் பலரிடமிருந்து பறித்துவிடுகிறது. மருத்துவத்தில் அதற்கு அனோசோக்னோசியா என்று பெயர். “உங்களுக்கு மறதிநோய்” என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் அதை முதன்முறையாகக் கேட்டு அதிர்கிறார்; அதிர்ச்சிதான் மிஞ்சுகிறது, செய்தி தங்குவதில்லை. தங்காத உண்மையைத் திரும்பத் திரும்பச் சொல்வதை நேர்மை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பத்துப் பொய்களில் பெரும்பாலானவற்றுக்காக நீங்கள் வருந்தத் தேவையில்லை. ஆனால் ஓரிடத்தில் நான் கோடு கிழிப்பேன்: மாத்திரையைப் பொடித்து உணவில் மறைத்துக் கொடுக்கும் முடிவை மட்டும் நீங்களாக எடுக்காதீர்கள். மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும்.

அவருடைய முகம் மாலை வரை வாடியிருந்ததில் வியப்பில்லை. 2014-இல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். பார்த்தது என்ன என்பது அவர்களுக்குச் சிறிது நேரத்திலேயே பெரும்பாலும் மறந்துபோயிற்று. அது எழுப்பிய உணர்வு மட்டும் நினைவு போன பிறகும் நீடித்தது. உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. மகிழ்ச்சிக்கும் அதே கதிதான்: காலையில் நீங்கள் சிரித்துப் பேசியதை அவர் மறந்திருப்பார், அதனால் வந்த நிம்மதி அவரிடம் இருக்கும். பகலும் இரவும் தனியாகப் பார்த்துக்கொள்பவர் ஒருநாள் கத்துவார். வாரத்தில் இரண்டு பிற்பகலாவது வேறொருவரை அவருடன் உட்காரவைத்துவிட்டு நீங்கள் வெளியே போய் வாருங்கள். உங்கள் கடிதத்தில் உங்கள் உடல்நிலை பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதையும் கவனித்தேன்.

உங்கள் அழுகைக்கும் ஒரு பெயர் உண்டு. ஆள் கண்ணெதிரே இருக்க, மனம் விலகிப்போகும் இந்த நிலையைப் பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ‘தெளிவற்ற இழப்பு’ என்றார். சாவுக்கு ஒரு தேதி இருக்கிறது, துக்கம் கேட்க ஆட்கள் வருகிறார்கள். இதற்கு அப்படி எதுவும் இல்லை. அதனால்தான் தவறு செய்வதுபோல் ஒளிந்து அழுகிறீர்கள். அவரை நினைத்து அழுவதும் அவருக்குத் தலைசீவி விடுவதும் ஒரே நாளில் நடக்கலாம், அம்மா.

பேனாவை எடுத்து வைத்ததுபோல் அந்த நோட்டையும் எடுத்து வைத்துவிடாதீர்கள். ஊசியை நீங்கள் போடுங்கள், கணக்கை அவர் எழுதட்டும். மூன்று முறை எழுதினாலும் எழுதட்டும். உண்மையில் போட்டதை நீங்கள் வேறொரு நோட்டில் குறித்துவாருங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள்.