இசைத்தட்டு விற்றவருக்கு வியாபாரம் தெரியாதா?

கேள்வி: நாகர்கோவிலில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த உங்கள் நண்பர் மறைந்ததைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். பழைய எல்.பி. தட்டுகள் இன்று ஆயிரக்கணக்கில் விலை போகின்றன. கேசட் வந்ததும் அவர் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டாராமே? வியாபாரம் தெரியாத மனிதர் என்றுதானே சொல்ல வேண்டும்?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: நீங்கள் சொல்லலாம். அவரிடம் கடனுக்குத் தட்டு எடுத்துப் போன மைக் செட்காரர்கள் சொல்ல மாட்டார்கள்.

ஆயிரக்கணக்கில் விலை போவது கீறல் விழாத தட்டு. அப்படி ஒன்று நம் ஊரில் எங்கே தப்பியது? வீட்டில் பிளேயர் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர் விற்றதில் பெரும்பங்கு மைக் செட்டுக்குத்தான் போயிற்று. மண்டைக்காட்டுக் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, கல்யாண வீடு, சடங்கு வீடு என்று தென்னையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிக்காகவே தேய்ந்த தட்டுகள் அவை.

தட்டை அவர் பார்க்கிற விதமே தனி. விளிம்பில் மட்டும் விரல் படப் பிடித்து, டியூப் லைட்டுக்கு நேரே சாய்ப்பார். அதிகம் ஓடிய பாட்டு இருக்கிற இடம் மட்டும் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்திருக்கும். "ரெண்டாவது பாட்டைத் தின்னே தீர்த்துட்டீரே ஓய்!" என்பார். எந்த ஊருக்கு எந்தப் பாட்டு உயிர் என்பது அவருக்கு அப்படித்தான் தெரியும். அடுத்த சரக்குக்கு ஆர்டர் போடுவதும் அதை வைத்துத்தான். வியாபாரம் தெரியாதவர் செய்கிற வேலையா இது?

1956 நவம்பர் 1 அன்று நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, சரி. பாட்டு கேரள எல்லையான களியக்காவிளையில் நின்றுவிடவில்லையே. விளவங்கோட்டுக்காரர் தமிழும் கேட்பார், மலையாளமும் கேட்பார். நண்பர் கடையில் இரண்டையும் வைத்திருந்தார்.

அப்புறம் கேசட். பிடித்த பாட்டை மட்டும் பொறுக்கி 60 நிமிடத்துக்குப் பதியலாம், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆட்கள் துண்டுச் சீட்டில் பட்டியல் எழுதிக்கொண்டு வர, இவரும் பதிந்து கொடுத்தார். செத்துப் போனவர் என்பதற்காக அதை நான் மறைக்கப் போவதில்லை. இப்படி அனுமதியில்லாமல் பதிவதைத் தடுக்க 1984இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். ஆனாலும் ஊர் ஊருக்கு அந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

தட்டுகளைத் தள்ளிவிட்டது வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கும். வைத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? நமக்கு வருஷத்தில் இரண்டு மழை, போதாததற்குக் கடற்காற்று. தட்டின் அட்டை உறையில் பூஞ்சை பூத்துவிடும். ஒழுங்காக நிறுத்தி வைக்காவிட்டால் தட்டும் வளையும். பின்னால் எப்போதோ யாரோ பெருவிலை கொடுப்பார்கள் என்று எந்தக் கடைக்காரர் வீட்டைப் பட்டினி போட்டுச் சரக்கைப் பொத்தி வைப்பார்?

அவர் வீட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, விலைக்குக் கிடைக்குமா என்று வேறு சிலரும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா இது? முகவரி தர மாட்டேன்.