ஷட்டர் வேகமும் அப்பர்ச்சரும்: வாசகர் கேள்விகள்

கே: என் படங்கள் எல்லாமே மங்கலாக வருகின்றன. ஏன்?

ப: எந்த லென்ஸ், என்ன ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), எதை எடுத்தீர்கள், ஒன்றையும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். படம் மொத்தமும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. நாற்காலி தெளிவாக இருந்து, உட்கார்ந்திருப்பவர் மட்டும் கலைந்திருந்தால் அவர் அசைந்திருக்கிறார். முகத்தை விட்டுப் பின்னால் உள்ள செடி துல்லியமாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அடுத்த முறை விவரத்தோடு எழுதுங்கள்.

கே: 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 நொடி போதுமா?

ப: ஃபுல் ஃபிரேமில் (பழைய ஃபிலிம் அளவு சென்சார்) போதும். அதைவிடச் சிறிய கிராப் சென்சார் என்றால் 1/80. இது உங்கள் கைநடுக்கத்துக்கான கணக்கு மட்டுமே. ஓடுகிற குழந்தைக்கு 1/500-க்குக் கீழே இறங்காதீர்கள்.

கே: கேமராவில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே, அப்புறம் ஏன் ஷட்டர் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

ப: அது உங்கள் கையை நிறுத்தும். எதிரே நடப்பவரின் காலை நிறுத்தாது.

கே: 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் வாங்கினேன். எட்டுப் பேரை இரண்டு வரிசையாக நிற்க வைத்து எடுத்தால் பின்வரிசை மங்கல். லென்ஸில் கோளாறா?

ப: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. எஃப் எண் என்பது அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் சிறிதானால் துவாரம் பெரிது. எஃப்/1.4 இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் எஃப்/1.4-லேயே எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஃபுல் ஃபிரேமில், ஐந்து மீட்டர் தள்ளி நின்றால், அந்த அப்பர்ச்சரில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 30 செ.மீ. இரண்டாவது வரிசை அதற்குள் எப்படி அடங்கும்? எஃப்/8 வையுங்கள், ஒன்றரை மீட்டர் கிடைக்கும். வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏற்றுங்கள்.

பின்னணி கரைந்தாலே படம் பிரமாதம் என்ற நினைப்பு இப்போது தொற்றாகவே பரவிவிட்டது. அதே லென்ஸில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஒரு முகத்தை எடுத்தால் ஆழம் இரண்டரை செ.மீ.தான். முகம் லேசாகத் திரும்பியிருந்தால் போதும்: அருகிலுள்ள கண்ணின் இமை மயிரை எண்ணலாம், மற்ற கண் பஞ்சுபோல இருக்கும், காது காணாமலே போயிருக்கும். கேமராவின் சின்னத் திரையில் இது தெரியாது. அதனால்தான் பெரிதாக்கிப் பாருங்கள் என்று கத்துகிறேன். எஃப்/4 வைத்தால் ஏழு செ.மீ. கிடைக்கும். பின்னணியும் கரைய வேண்டுமா? ஆளைச் சுவரிலிருந்து மூன்று நான்கு மீட்டர் முன்னால் கூட்டிவந்து நிறுத்துங்கள். அப்பர்ச்சரை மட்டுமே திருகுகிறவர்கள் இந்த நாலு எட்டு எடுத்து வைக்க மறுக்கிறார்கள்.

கே: அருவி நீர் பட்டுப்போல வழிய வேண்டும். என்ன செட்டிங்?

ப: ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப்/11, அரை நொடி. பகலில் வெளிச்சம் மிஞ்சும், என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போடுங்கள். அதற்குப் பதில் எஃப்/22-க்குப் போனால் விளிம்பு விளைவால் (சின்னத் துவாரத்தில் ஒளி வளைந்து பரவுவது) படம் முழுவதும் கூர்மை குறையும். காற்று அடித்தால் கரையோரக் கிளைகளும் கலைந்துவிடும். அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள், வீட்டுக்கு வந்து அல்ல.

கே: பறக்கும் ஹெலிகாப்டரை 1/4000-ல் எடுத்தேன். பொம்மையைத் தொங்கவிட்டதுபோல இருக்கிறது.

ப: விசிறி உறைந்துவிட்டது. 1/125-க்கு இறக்கி, ஹெலிகாப்டரோடு கேமராவையும் சேர்த்து நகர்த்துங்கள். பத்தில் இரண்டு தேறினால் நல்லது.

கே: என் போன் கேமராவும் எஃப்/1.8 தான். பின்னணி ஏன் கரையவில்லை?

ப: போன் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் சில மி.மீ. மட்டுமே. ஆழக் கணக்கில் அந்த எஃப்/1.8, பெரிய கேமராவின் எஃப்/8 பக்கம் நிற்கும். போர்ட்ரெய்ட் மோடு கரைப்பது பெரும்பாலும் மென்பொருள் வேலை. தலைமுடி ஓரத்தையும் மூக்குக்கண்ணாடி விளிம்பையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

கே: ஃபிளாஷ் போட்டு 1/500-ல் எடுத்தால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழுகிறது. சர்வீஸுக்குக் கொடுக்கலாமா?

ப: வேண்டாம். பல கேமராக்களில் 1/200-ஐத் தாண்டினால் ஷட்டரின் முதல் திரை முழுதாகத் திறப்பதற்குள் இரண்டாம் திரை மூட ஆரம்பித்துவிடும். ஃபிளாஷ் மின்னும்போது திரை மறைத்த பகுதிதான் அந்தக் கறுப்புப் பட்டை. 1/200-க்கு இறங்குங்கள், இல்லையென்றால் ஃபிளாஷில் ஹை ஸ்பீட் சிங்க்கைப் (வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் வேலை செய்யும் முறை) போடுங்கள். கையேட்டில் இருக்கிறது.