பழைய பெஜோவில் புது ஷிஃப்டர்: முன் டெரெய்லரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: பிரான்சில் இருக்கிறேன். 1980களின் தொடக்கத்தில் வந்த பெஜோ ரோடு சைக்கிள் ஒன்றைப் பழைய பொருள் சந்தையில் வாங்கினேன். முன்னால் 52, 42 பல் உள்ள இரண்டு பற்சக்கரம், பின்னால் 5 சக்கரம். முதுகுவலி இருப்பதால் வளைந்த ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு நேர் ஹேண்டில்பார் போட்டேன். கீழ்க்குழாயில் இருந்த கியர் லீவர்களுக்குப் பதிலாக, மவுண்டன் பைக்குக்கான 3×8 (முன்னால் 3, பின்னால் 8 சக்கரத்துக்கான) ஷிஃப்டர் ஜோடி மாட்டினேன். இடது லீவரைத் தள்ளினால் செயின் பெரிய சக்கரத்தில் ஏறுகிறது. ஆனால் கையை எடுத்ததும் லீவர் திரும்பி வந்துவிடுகிறது, செயினும் இறங்கிவிடுகிறது. செயினை ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் முன் டெரெய்லர் பழுதா? '10 ஸ்பீடு' முன் டெரெய்லர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிப் போடலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டெரெய்லர் பழுதில்லை. ஷிஃப்டரும் பழுதில்லை. ஷிஃப்டர் இழுக்கும் கேபிள் நீளமும் டெரெய்லர் கேட்கும் நீளமும் வேறு வேறு, அவ்வளவுதான்.

மவுண்டன் பைக்கின் இடது ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு ரோடு ஷிஃப்டரைவிட அதிகமாகக் கேபிளை இழுக்கும். ரோடு டெரெய்லரின் கூண்டு (செயினை இரு பக்கமும் அணைத்துத் தள்ளும் தகடுகள்) பெரிய சக்கரத்துக்கு நகர அவ்வளவு இழுப்பு தேவையில்லை. லீவர் பாதி வழியில் இருக்கும்போதே கூண்டு, அதன் எல்லையைத் தீர்மானிக்கும் வெளிப்பக்க லிமிட் ஸ்க்ரூவில் போய் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் கேபிள் வராது. ஷிஃப்டருக்குள் இருக்கும் கொக்கி அடுத்த பல்லை எட்டினால்தான் கிளிக் விழும். எட்டாததால் கையை எடுத்தவுடன் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. இதை வலுக்கட்டாயமாகத் தள்ளிப் பார்க்காதீர்கள். அந்தக் காலப் பெஜோக்கள் பலவற்றில் சிம்ப்ளெக்ஸ் டெரெய்லர்தான் இருக்கும், அதிலும் சிலவற்றின் உடல் டெல்ரின் என்ற பிளாஸ்டிக். நாற்பது வருடம் ஆன பிளாஸ்டிக்கில், கிளாம்ப் ஓரமாக விரிசல் விடுவது சகஜம். உங்களுடையதை முதலில் துடைத்து, வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். விரிசல் இருந்தால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

முன்பக்க கியரில் நான் முக்கியமாக நினைப்பது இதுதான்: அதிகமான இழுப்பை வீணாக்கலாம், குறைவான இழுப்பை உண்டாக்க முடியாது. பின்பக்கம் அப்படியில்லை. அங்கே ஐந்தாறு சக்கரங்களில் ஒவ்வொன்றுக்கும் கேபிள் கணக்காக வர வேண்டும். முன்னால் உங்களுக்கு இரண்டே சக்கரம், அந்த இரண்டு எல்லைகளையும் பிடித்து நிறுத்த இரண்டு லிமிட் ஸ்க்ரூக்கள். நடுவில் நிற்க வேண்டிய இடம் எதுவும் இல்லை. அதனால் மிஞ்சும் கேபிளைத் தொய்வாக விட்டுவிட்டால் போதும். மூன்று சக்கரம் இருந்திருந்தால் நடுச் சக்கரத்தில் கூண்டு சரியாக நிற்காது, இந்த வழி பலித்திருக்காது.

வேலையில் இறங்கும் முன் ஒரு அளவு எடுங்கள். கேபிளை டெரெய்லரிலிருந்து கழற்றி, உள் கம்பியில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். கம்பியை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு ஷிஃப்டரை 2-லிருந்து 3-க்கு மாற்றி, டேப் எத்தனை மி.மீ. நகர்கிறது என்று ஸ்கேலில் பாருங்கள். அப்புறம் கம்பியை டெரெய்லரில் மாட்டி, ஷிஃப்டர் பக்கம் கழற்றிவிட்டு, கையால் இழுத்து, கூண்டு சிறிய சக்கரத்திலிருந்து பெரிய சக்கரத்துக்குப் போக எத்தனை மி.மீ. ஆகிறது என்று பாருங்கள். முதல் எண் இரண்டாவதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் உங்கள் ஜோடி ஒத்துப்போகும். கடைக்காரர் சொல்வதைவிட, பெட்டியில் அச்சடித்திருப்பதைவிட, இந்த அளவை நான் நம்புவேன்.

கையால் இழுக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள்: இழுத்தால் கூண்டு வெளியே போகிறதா, உள்ளே வருகிறதா? சன்டூர் நிறுவனத்தின் ஸ்பர்ட் போன்ற சில பழைய டெரெய்லர்களில் ஸ்பிரிங் தலைகீழாக வேலை செய்யும். கேபிளை இழுத்தால் செயின் சிறிய சக்கரத்துக்கு வரும். உங்களுடையதும் அப்படி இருந்தால் கீழே சொல்லும் முறை பொருந்தாது.

இப்போது மாட்டும் முறை. ஷிஃப்டரில் 1, 2, 3 என்று மூன்று இடம் இருக்கிறது. எல்லோரும் 1-ல் வைத்து, கூண்டைச் சிறிய சக்கரத்தில் விட்டு, கேபிளை விறைப்பாக இழுத்து முடுக்குவார்கள். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். அதை மாற்றுங்கள். முதலில் லிமிட் ஸ்க்ரூக்களை மட்டும் வைத்து இரண்டு எல்லைகளையும் சரிசெய்யுங்கள். கூண்டின் வெளித்தகடு பெரிய சக்கரத்தின் பல்லுக்கு மேல் 1 முதல் 3 மி.மீ. இடைவெளியில், சக்கரத்துக்கு இணையாக இருக்கட்டும். பிறகு ஷிஃப்டரை 3-ல் வையுங்கள். கட்டைவிரலால் கூண்டை வெளியே தள்ளி, லிமிட் ஸ்க்ரூவில் முட்டுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் பிடித்துக்கொண்டு, கேபிளை இழுத்து போல்ட்டை முடுக்குங்கள். இனி 2-க்கு வந்தால் கூண்டு உள்ளே போய்ச் சிறிய சக்கரத்தில் நிற்கும், மிச்சக் கேபிள் தொய்ந்து கிடக்கும். தவறுதலாக 1-க்குப் போனாலும் தொய்வு கூடும், வேறொன்றும் ஆகாது. 3-க்கு மேல் தள்ள இடமே இல்லை, அதனால் டெரெய்லருக்கும் ஆபத்தில்லை.

இதில் இழப்பு ஒன்று உண்டு. ரோடு ஷிஃப்டர்களில் கூண்டைக் கொஞ்சமாக நகர்த்தி, செயின் உரசலைத் தவிர்க்க அரைக் கிளிக் இருக்கும். உங்களுக்கு அது கிடைக்காது. ஆனால் பின்னால் 5 சக்கரம்தான், பழைய கூண்டும் அகலமானது. உரசல் பெரிய தொல்லையாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

அளவு எடுத்ததில் இழுப்பு போதவில்லை என்று தெரிந்தால், இடதுபக்கத்துக்கு மட்டும் கிளிக் இல்லாத ஃபிரிக்‌ஷன் லீவர் ஒன்றை வாங்குங்கள். ஹேண்டில்பாரில் மாட்டுகிற கட்டைவிரல் லீவர் இப்போதும் புதிதாகக் கிடைக்கிறது. உண்மையில் என் சைக்கிளாக இருந்தால் முதலிலேயே இதைத்தான் போடுவேன். எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவு நகரும், எந்த டெரெய்லரோடும் போகும், உரசலையும் விரலாலேயே சரிசெய்துகொள்ளலாம். ஷிமானோ 1984-ல் கிளிக் முறையான எஸ்.ஐ.எஸ்.ஸைக் கொண்டுவந்தபோதுகூட வலது லீவருக்குத்தான் கிளிக் வைத்தது; கீழ்க்குழாயின் இடது லீவர் ஃபிரிக்‌ஷனாகவே தொடர்ந்தது. இடதும் வலதும் ஒரே ஜோடியாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்த '10 ஸ்பீடு' விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சொல்லில் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் சைக்கிளை அந்தக் காலத்தில் 10 ஸ்பீடு என்றுதான் சொல்லியிருப்பார்கள், அதாவது 2×5. இன்று 10 ஸ்பீடு என்றால் பின்னால் மட்டும் 10 சக்கரம். அதற்கான செயின் சுமார் 6 மி.மீ. அகலம், கூண்டும் அதற்கேற்ப ஒடுக்கம். உங்கள் செயின் 7 மி.மீ.க்கு மேல். அந்தக் கூண்டுக்குள் அது ஓயாமல் உரசும்.

விரிசல் காரணமாக மாற்றியே தீர வேண்டுமென்றால் 6, 7 அல்லது 8 ஸ்பீடு காலத்து, இரண்டு சக்கரத்துக்கான ரோடு டெரெய்லரைத் தேடுங்கள். கேபிள் கீழிருந்து இழுக்கும் வகையாக இருக்க வேண்டும். மவுண்டன் பைக் ஷிஃப்டர் இருக்கிறதே என்று மவுண்டன் பைக் டெரெய்லரை வாங்க வேண்டாம். அதன் கூண்டு சிறிய சக்கரங்களுக்கான வளைவு கொண்டது, 52 பல்லின் மேல் சரியாக உட்காராது. கிளாம்ப் அளவையும் பாருங்கள். பழைய ஃபிரெஞ்சு ஃபிரேம்களில் சீட் குழாய் 28 மி.மீ., மற்ற நாடுகளில் வழக்கம் 28.6. கடையில் கிடைப்பது 28.6 ஆகத்தான் இருக்கும். அப்படியே முடுக்கினால் நழுவும், இன்னும் முடுக்கினால் கிளாம்ப் உடையும். நடுவே 0.3 மி.மீ. தடிமனுள்ள அலுமினியத் தகட்டைச் சுற்றிவிட்டு முடுக்குங்கள். குளிர்பான டப்பாவின் தகட்டை மூன்று சுற்று சுற்றினாலும் போதும். வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும், கவனம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது கியரைவிட முக்கியம். மவுண்டன் பைக் ஷிஃப்டர் ஜோடிகள் சில, பிரேக் லீவரோடு ஒரே உறுப்பாக வரும். அந்த லீவர்கள் பெரும்பாலும் வி-பிரேக்குக்கானவை, கேபிளை நீளமாக இழுப்பவை. உங்கள் பெஜோவில் இருப்பது காலிப்பர் பிரேக். இந்த இரண்டும் சேர்ந்தால் லீவர் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் பிரேக் பிடிமானம் வலுவாக இருக்காது. உங்களுடையது அப்படிப்பட்டதென்றால் காலிப்பருக்கான தனி பிரேக் லீவர்களை மாற்றிய பிறகு சாலையில் எடுங்கள்.