மூழ்காத நாடு மூழ்கிய கதை

கேள்வி: டிரிஸ்டன்–இசோல்ட் காதல் கதையில் டிரிஸ்டனின் சொந்த நாடான லயனெஸ், இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலில் மூழ்கிவிட்டதாமே? நம் குமரிக்கோட்டைக் கடல் கொண்டது போன்றதா? அந்தப் பெயர் எப்படி வந்தது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: குமரிக்கோடு என்னும் மலையைக் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரமே சொல்கிறது. லயனெஸ் மூழ்கியதாக டிரிஸ்டன் கதையைப் பாடிய இடைக்காலப் புலவர் எவரும் சொல்லவில்லை. அவர்களுக்கு அது டிரிஸ்டனின் தந்தை ஆண்ட, கரையும் கோட்டையும் உள்ள ஒரு நாடு, அவ்வளவுதான்.

பெயரின் கதைதான் சுவையானது. ஸ்காட்லாந்தில் எடின்பரோவைச் சுற்றியுள்ள லோதியன் பகுதியைப் பழைய பிரெஞ்சுக் கதைகள் 'லோனுவா' என்று எழுதின என்றும், அது ஏடெழுதுவோர் கைகளில் 'லெயோனுவா' ஆகி, பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரித்தானியின் லெயோன் பகுதியோடும் குழம்பி, ஆங்கிலத்துக்கு வந்தபோது லயனெஸ் ஆயிற்று என்றும் அறிஞர்கள் பலர் கருதுகின்றனர். நம் ஊர்ப் பெயர்களுக்கும் இப்படிக் கதைகள் உண்டு. ஆர்க்காட்டை ஆத்திமரக் காடு என்று கொள்வாரும் உண்டு. 'ஆறு காடு' என்று பிரித்து, காட்டுக்கு ஒரு முனிவராக அறுவரைப் பாலாற்றங்கரையில் குடியேற்றிய தலபுராணமும் உண்டு. காதில் விழுந்த ஒலிக்கேற்பக் கதை கட்டுவதில் நாமும் இளைத்தவர்கள் அல்லர்.

நாட்டைக் கடலுக்குள் இறக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலின் நிலமுனைக்கும் (லேண்ட்ஸ் எண்ட்) சில்லித் தீவுகளுக்கும் இடையே, ஏறத்தாழ 45 கிலோமீட்டர் கடலில், ஒரு நாடு அமிழ்ந்து கிடப்பதாக அவ்வூரார் பேசிவந்தனர். 1602இல் கார்ன்வாலைப் பற்றி நூல் வெளியிட்ட ரிச்சர்டு கேரூ அந்நாட்டுக்கு லயனெஸ் பெயரையே தந்து, அங்கே தூண்டில் போட்ட மீனவர்களுக்குக் கதவுத் துண்டுகளும் சன்னல் துண்டுகளும் சிக்கியதாகவும் எழுதினார். வெள்ளைக் குதிரையொன்றில் அலைக்கு முன்னே பாய்ந்து தப்பிய ஒரே மனிதர் டிரெவெலியன் குலத்து முன்னோர் என்பது அங்கு வழங்கும் கதை. அக்குடும்பத்தின் சின்னத்தில் கடலிலிருந்து எழும் வெள்ளைக் குதிரையை இன்றும் காணலாம்.

இதில் உண்மையே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. சில்லித் தீவுகளில் பல, முன்பு ஒரே பெருந்தீவாக இருந்தவை. பல நூற்றாண்டுகளில் கடல்மட்டம் மெல்ல உயர்ந்ததால் பிரிந்தவை. அவற்றுள் ஒன்றான சாம்சன் தீவையொட்டிய மணல்திட்டில் நீர் வற்றும் வேளையில், பழைய குடியானவர்கள் தங்கள் வயலுக்கு வரப்பாக அடுக்கிய கற்சுவர்கள் வரிசையாக வெளியே தெரிகின்றன.