குக்கர் விசில்

ஐயா, வணக்கம். பாம்பன் பக்கம் எங்கள் ஊர். மூன்று வாரத்துக்கு முன்னால் வத்தை (மீன்பிடிக்கிற சிறு படகு) கவிழ்ந்து, என் கொழுந்தனார் மட்டும் கரை சேர்ந்தார். கூடப் போனவர் வரவில்லை. இவர் அழவே இல்லை. தூக்கமில்லை, கடற்கரைப் பக்கம் போவதில்லை, குக்கர் விசிலுக்குத் துள்ளி எழுகிறார். அவருடைய ஆறு வயது மகன் மறுபடி படுக்கையை நனைக்கிறான். மனப்பாரம் இறங்கட்டுமே என்று, வருகிறவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொல்லவைக்கிறோம். மனநோயாளிகளைக் கொண்டுபோகிற ஏர்வாடி தர்காவில் விடச் சொல்கிறார்கள். வத்தையை விற்றுவிடலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

ஏர்வாடிக்குப் போய் துவா செய்யுங்கள், ஆளை விட்டுவிட்டு வராதீர்கள். அங்கே ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டிப்போட்ட 28 பேர் தீயில் மாண்டார்கள். இவருக்குப் பைத்தியமும் இல்லை. திடுக்கிடுவது, மரத்துப்போவது, கடலைத் தவிர்ப்பது எல்லாம் முதல் மாதத்தில் வருகிறவைதான். பெரும்பாலோருக்குத் தானாகத் தணியும். பையனைத் திட்டாதீர்கள், பக்கத்தில் படுக்க வையுங்கள்.

ஆனால் அந்தச் "சொல்லவைக்கிறோம்"! யார் கேட்டது இந்த வைத்தியம்? வருகிற ஒவ்வொருவரும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவன் கையை ஏம்ப்பா விட்டே?" என்கிறார். அவர் மறுபடி தண்ணீருக்குள் இறங்குகிறார். மருத்துவர்களும் ஒருகாலத்தில் இதையே செய்தார்கள்: விபத்து நடந்த சில நாளிலேயே உட்காரவைத்து முழுக்கச் சொல்லவைப்பது. பலனில்லை, சிலருக்கு மோசமானது. உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. பயிற்சி பெற்றவரிடம், நோயாளியின் வேகத்தில், பல அமர்வுகளில் சொல்வது சிகிச்சை. உங்கள் திண்ணையில் நடப்பது விசாரணை. வாசலிலேயே ஒருவர் உட்கார்ந்து விசாரிக்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்புங்கள். அவராகப் பேசினால் மட்டும் கேளுங்கள், குறுக்கே கேள்வி வேண்டாம்.

இரவில் அலறி எழுந்தால் உலுக்காதீர்கள். லைட்டைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வெறுங்காலைச் சிமெண்டுத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். நாலு எண்ணி மூச்சிழுத்து ஆறு எண்ணி விடட்டும், ஐந்து நிமிடம். தூங்கட்டும் என்று சாராயம் வாங்கிக் கொடுக்கிற மச்சான்களைக் கிட்டே விடாதீர்கள்: கண் அசரும், பின்னிரவில் கனவு இரட்டிப்பாகும். மருந்துக்கடைத் தூக்கமாத்திரையும் வேண்டாம்.

கடலுக்கு: முதலில் பகலில் கரைவரை, கூட ஒருவர். படபடப்பு ஏறும்போதே திரும்பினால் பயம்தான் ஜெயிக்கும். இறங்கும்வரை உட்கார்ந்திருங்கள். அடுத்த வாரம் கரையில் கிடக்கிற வத்தையில் உட்காரலாம்.

ஒரு மாதம் தாண்டியும் இப்படியே இருந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. "நானும் அவனோடயே போயிருக்கணும்" என்றால் மாதக்கணக்குப் பார்க்காமல் அன்றே கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் பேசலாம்.

வத்தையா? அதில் அவர் ஏறி உட்கார்ந்த பிறகு அவரையே கேளுங்கள்.