மோட்டார்ஹோம் பின் மூலை விரிசல்: திரும்ப பட்டி வைக்காதீங்க

மோட்டார்ஹோமோட (உள்ளயே தங்குற வீடு மாதிரி வண்டி) பின் மூலையில, ஃபைபர் ஷீட்டுல விழுற விரிசலுக்கு மூணாவது தடவை பட்டி வச்சாலும் நிக்காது, அதை விடுங்க. ரெண்டு தடவை பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சும் அதே கோட்டுல விரிசல் வருதுன்னா ஷீட்டு ஆடுது.

பெரும்பாலும் உள்ள இருக்கிற மரச்சட்டம் உளுத்திருக்கும். பழைய மோட்டார்ஹோம்ல கூரை ஜாயின்ட்ட அடைக்கிற சீலன்ட் பசை காஞ்சு வெடிச்சு, தண்ணி சொட்டு சொட்டா அந்த மூலைக்குத்தான் இறங்கும், வெளிய ஒண்ணுமே தெரியாது.

ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால விரிசலைச் சுத்தி தட்டிப் பாருங்க. நல்ல இடம் டக்குனு கேக்கும், உளுத்த இடம் டொப்புனு மந்தமா கேக்கும். உள்பக்கம் அதே மூலைய கட்டைவிரலால அழுத்துங்க, மெத்துனு அமுங்கினா சந்தேகமே இல்ல.

அப்படின்னா முதல்ல கூரை ஜாயின்ட்ட சரி பண்ணுங்க, பழைய சீலன்ட்ட முழுசா சுரண்டிட்டு பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) போடுங்க, சிலிகான் வேண்டவே வேண்டாம், அப்புறம் அதுமேல எதுவும் ஒட்டாது. உளுத்த மரத்தை வெட்டி மாத்தி, நல்லா காயவிடுங்க, இதுல அவசரப்பட்டா எல்லாம் வீண்.

கடைசியா விரிசலோட ரெண்டு முனையிலயும் 3 மிமீ ஓட்டை போட்டு, விரிசலை V வடிவப் பள்ளமா தேய்ச்சு, பின்பக்கமா ஃபைபர் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) அதை இறுக வைக்கிற ரெசினும் ரெண்டு மூணு அடுக்கு வைங்க. மாஸ்க் கட்டாயம்.

ஒண்ணு மட்டும் கவனிங்க, சில வண்டில மூலை மட்டும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கா இருக்கும், பாலியெஸ்டர் ரெசின் அதுல சரியா பிடிக்காது. மறைவான இடத்துல ஒரு சொட்டு அசிட்டோன் வச்சுப் பாருங்க, பிசுபிசுன்னு இளகினா ஏபிஎஸ், அதுக்குன்னு இருக்கிற பசைதான் வாங்கணும்.