தண்டுவடம் அடிபட்டு வீல்சேரில் இருக்கும் என் தம்பி ஒல்லியாகத்தான் இருக்கிறான். அவனுக்கு சுகர், கொலஸ்ட்ரால் டெஸ்ட் தேவையா?

கட்டாயம் தேவை. நான் டாக்டர் இல்லை. 2010ல் தென்னை மரத்திலிருந்து விழுந்து, மார்பு உயரத்தில் இருக்கும் டி4 என்ற முதுகெலும்பில் அடிபட்டவன். மார்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது.

தம்பியின் கால்களைப் பார்த்துத்தான் ஒல்லி என்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என்னையும் அப்படித்தான் சொன்னார்கள். அசையாத காலில் தசை சீக்கிரமே கரைந்து, கொழுப்பு ஏறிவிடும். சாப்பாட்டில் வரும் சர்க்கரையைப் பெருமளவு இழுத்துக்கொள்வது தசைதான். அது போனபின் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கும். எடையில் எதுவும் தெரியாது.

2019ல் எனக்குப் புட்டத்தில் ஒரு படுக்கைப்புண் வந்தது. நான்கு மாதமாகியும் ஆறவில்லை. சரியாகத் திருப்பிப் படுக்க வைக்கவில்லை என்று அம்மாவைத் திட்டினேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. கடைசியில் கட்டு மாற்ற வந்த நர்ஸ் அக்கா விரலில் குத்திப் பார்த்தார். 312. அதுவரை ஒன்பது வருடம் யூரின் கல்ச்சர், கிட்னி ஸ்கேன் என்று எத்தனையோ எடுத்திருந்தோம். சுகர் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. "பாவம், நடக்க முடியாத பிள்ளை, வாய்க்கு ருசியாகவாவது சாப்பிடட்டும்" என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஸ்வீட் பாக்ஸோடுதான் வந்தார்கள். அன்பில் செய்ததுதான், குறை சொல்லவில்லை.

எடை பார்ப்பதே பெரும்பாடு. நான் போன எந்த ஆஸ்பத்திரியிலும் வீல்சேரோடு ஏறும் மெஷின் இல்லை. அண்ணன் என்னை அரிசி மண்டிக்குக் கூட்டிப்போய், மூட்டை நிறுக்கும் தராசில் வண்டியோடு ஏற்றினார். 83 கிலோ. வண்டி 18 போக நான் 65. உயரம் 170 செ.மீ., அதாவது பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 22.5. நம் நாட்டில் 23க்குக் கீழே இருந்தால் நார்மல் என்பார்கள். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு 22 வந்தாலே உடல்பருமன் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது இதற்கென்றே உள்ள மருத்துவ வழிகாட்டுதல். இது தெரியாமல் என்னை நார்மல் என்று எழுதி அனுப்பியவர்கள் உண்டு.

பயமுறுத்துகிறேன் என்று சிலர் சொல்லலாம். உட்கார்ந்தே வேலை பார்க்கிற எல்லோருக்கும்தானே சுகர் வருகிறது என்றும் கேட்கலாம். சுகரால் அவர்களுக்கு மாரடைப்பு வந்தால் பெரும்பாலும் நெஞ்சு வலிக்கும். டி4க்கு அடுத்து கீழே இருக்கும் டி5 எலும்புக்கு மேலே அடிபட்ட எங்களுக்கு அந்த வலியே தெரியாமல் போகலாம். திடீர் வியர்வை, மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி இவ்வளவுதான் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறேன். நல்ல கொலஸ்ட்ராலும் எங்களில் பலருக்குக் குறைவாகவே இருக்கும்.

இதைச் சொல்லும்போது ஒரு ஆதங்கம். எங்கள் ஊர் லேபுக்கு ஏழு படி. பக்கத்தில் இருக்கும் சாய்தளத்தில் பைக்குகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் என்னைத் தூக்கிப் போகிறார்கள். முப்பத்தெட்டு வயதில் தெருவே பார்க்க அப்படிப் போவது எப்படி இருக்கும் என்று அந்த லேப்காரர் ஒரு நாளாவது யோசித்திருப்பாரா?

சரி, உங்கள் தம்பிக்கு வருகிறேன். வெறும் வயிற்று சுகர், மூன்று மாத சுகர் சராசரி (HbA1c டெஸ்ட்), கொலஸ்ட்ரால், பிபி எல்லாம் பாருங்கள். ரத்தசோகை இருந்தால் மூன்று மாத சராசரி தவறாகக் காட்டலாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் மூச்சு வாங்குகிற அளவுக்குக் கைப்பயிற்சி வேண்டும். நான் மேசையில் பொருத்திய பெடலைக் கையால் சுற்றுகிறேன். தோள்பட்டை வலித்தால் நிறுத்திவிடுவேன், எனக்கு இனி தோள்தான் கால். இடுப்பளவு எடுக்கும்போது தம்பியைப் படுக்க வைத்து எடுங்கள். உட்கார்ந்திருந்தால் வயிறு மடிந்து அளவு மாறிவிடும்.